செஞ்சிக் கோட்டையைச் சுவரில் மாட்டுவது எப்படி: படம் எடுப்பதிலிருந்து ஃப்ரேம் வரை

கோட்டைப் படம் போனில் எல்லாருக்கும் நன்றாகத்தான் வருகிறது. அதையே 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு வாங்கும்போதுதான் முகம் சுண்டிப்போகும். மலை கறுத்துக் கிடக்கும், வானம் வெறும் வெள்ளையாக இருக்கும், மதில் எங்கே பாறை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். உடனே ஸ்டுடியோக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் அவர்மேல் தப்பே இருக்காது. போன் திரை தானே ஒளிவிடுகிறது, தாளோ தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் திருப்பித் தருவதோடு சரி. திரைக்காக எடுத்து, திரைக்காகத் திருத்திய படத்தைத் தாளில் போட்டால் இப்படித்தான் ஆகும். தாளில் வர வேண்டும் என்றால் அங்கே போய் நிற்கும்போதே அதை மனத்தில் வைத்து எடுக்க வேண்டும்.

செஞ்சியை வைத்தே சொல்கிறேன். அங்கே நிறைய பேர் போகிறோம், நிறைய படம் எடுக்கிறோம், ஆனால் வீட்டுச் சுவரில் நல்ல செஞ்சிப் படம் ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அதற்கப்புறம் கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது.

எதை எடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. இந்த மூன்று குன்றுகளையும் சேர்த்து வளைத்துக்கொண்டு போகிற சுற்றுமதில் சுமார் 13 கிலோமீட்டர். எல்லாம் ஒரே படத்தில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் மூன்று மண்மேடுகள் மாதிரி ஒரு படம்தான் கிடைக்கும்.

செஞ்சியின் விஷயமே வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே மதில் தனியாக நிற்பதில்லை. உருண்டைப் பாறை ஒன்று ஆள் ஏற முடியாதபடி நின்றால் கட்டியவர்கள் அதை அப்படியே மதிலாக விட்டுவிட்டார்கள், அடுத்த பாறைக்கும் அதற்கும் நடுவே இருக்கிற இடைவெளியை மட்டும் கல்லடுக்கி அடைத்திருக்கிறார்கள். கோட்டை பாதி, மலை பாதி. கோன் அரசர்கள் தொடங்கி விஜயநகரம், நாயக்கர்கள், 1649க்கு மேல் பிஜாப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று ஒவ்வொருத்தர் கைக்கும் மாறியபோது ஆளாளுக்குக் கொஞ்சம் கட்டினார்கள், கொஞ்சம் இடித்தார்கள், ஆனால் அந்தப் பாறைகளை யாரும் கட்டவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வெளியே ஏழெட்டு வருஷம் காத்துக் கிடந்ததற்கு அந்தப் பாறைகளும் ஒரு காரணம்.

ஆக, பாறையும் மதிலும் சேருகிற அந்தத் தையல் தாளில் தெரிந்தால்தான் அது செஞ்சிப் படம். போன் திரையில் அது தெரியாது, இரண்டும் ஒரே பழுப்பாக இருக்கும். பெரிய தாளில் தெரிய வைக்கலாம். கீழே சொல்லப்போகிற நேரம், லென்ஸ், அளவு, தாள் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

கோட்டைக்கு முந்தைய பழமையையும் எடுக்க ஆசை இருந்தால், வடக்கே சிங்கவரம் பக்கம் போய்விட்டு வாருங்கள். திருநாதர் குன்றில் ஒரே பாறை முகத்தில் 24 சமணத் தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. சிங்கவரத்தில் பல்லவர் கால ரங்கநாதர் குடைவரை. விழுப்புரம் சாலையில் போனால் மண்டகப்பட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எடுப்பித்தேன் என்று மகேந்திரவர்மன் எழுதிவைத்த இடம். கோட்டைப் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தீர்த்தங்கரர் படம் மாட்டினால் அந்த நிலத்தின் வயசு யாரும் விளக்காமலே புரியும்.

எங்கே நிற்பது, எப்போது நிற்பது

சூரியன் கிழக்கே இருக்கும் வரைதான் ராஜகிரியின் கிழக்கு முகத்தில் நல்ல வெளிச்சம். ஊரும் சாலையும் கிழக்குப் பக்கம் என்பதால் நாம் நிற்பதும் அங்கேதான், மாலையில் போனால் ராஜகிரி நிழலுருவமாகத்தான் தெரியும். அதுவும் அழகுதான், ஆனால் தையல் தெரியாது.

இங்கே ஒரு சிக்கல். உள்ளே விடுவது காலை ஒன்பது மணிக்கு. அதற்குள் வெளிச்சம் ஏறிவிடும், கோடையில் சொல்லவே வேண்டாம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் நடுப்பகல் சூரியன் செஞ்சிக்குச் சரியாக உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த வெளிச்சத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பக்கவாட்டு நிழல் விழாது, அது விழாவிட்டால் மதில் வெறும் பூச்சு மாதிரி தட்டையாகிவிடும். அதனால் விடியற்காலைப் படத்தை வேலிக்கு வெளியே இருந்துதான் எடுக்க வேண்டும். திண்டிவனம் - திருவண்ணாமலை சாலை கோட்டைக்கு நடுவேதான் போகிறது, அதிலிருந்து பிரிகிற வயல்பாதைகளில் ஒன்றில் நின்றுகொண்டால் போதும். நிலத்துக்காரர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் "எடுத்துக்கோங்க தம்பி, வரப்பு மட்டும் ஒடையாம பாத்துக்கோங்க" என்பதோடு விட்டுவிடுவார்கள்.

உள்ளே போக வேண்டிய படங்கள் என்றால் மார்கழி, தை சரியான காலம். சூரியன் நாள் முழுக்கத் தாழ்ந்தே போகும், ஒன்பது மணிக்கும் பக்கவாட்டு வெளிச்சம் மிச்சமிருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனால் காற்று கழுவிவிட்டதுபோல இருக்கும், பாறை இடுக்கெல்லாம் பச்சை, கோட்டைக்குள் செட்டிக்குளத்தில் தண்ணீர். மே மாதத்தில் அதே இடத்தில் நின்றால் தூரத்துக் குன்று வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருக்கிற மாதிரிதான் தெரியும். அந்த மங்கலை ஆப்பில் சரிசெய்யலாம் என்பார்கள். திரையில் சரியாகும், பெரிய பிரிண்டில் வானமெல்லாம் மணல் கொட்டினதுபோல ஆகிவிடும்.

எனக்குப் பிடித்த இடம் கிருஷ்ணகிரி உச்சி. காலையில் ஏறி ராஜகிரிப் பக்கம் திரும்பினால் சூரியன் நமக்குப் பின்னாலும் கொஞ்சம் இடதுபுறமுமாக இருக்கும், ராஜகிரியின் மதில்கள் படி படியாக மேலே ஏறுவது முழுக்கத் தெரியும். ராஜகிரியை விட ஏறுவதும் எளிது. 70இலிருந்து 135 மில்லிமீட்டர் வரைக்கும் போகிற லென்ஸ் இருந்தால் மலை முழுவதையும் எடுக்காமல் மதில் பாறைக்குள் போய் மறைகிற ஒரு துண்டை மட்டும் எடுங்கள். நல்ல பிரிண்ட் ஆகிற படம் பெரும்பாலும் இந்தத் துண்டுதான்.

ராஜகிரியின் உச்சி சுமார் 800 அடி. மேலே போவதற்குக் கொஞ்சம் முன்னால் மலையே பிளந்து நிற்கிற இடம் ஒன்று வரும், சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் இழுவைப்பாலத்தை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் இருக்கிறவனை யாரும் தொட முடியாது. இதை எடுக்கும்போது அகல லென்ஸில் பாலத்தின் மேல் நின்று எடுக்கிறார்கள், பள்ளம் தெரியாமல் போகிறது. இந்தப் பக்கக் கரையிலேயே ஓரமாக நின்று, எதிரே இருக்கிற வாசலையும் கீழே இறங்குகிற பாறைச் சுவரையும் சேர்த்து நெட்டுவாக்கில் எடுங்கள், யாராவது பாலத்தைக் கடக்கிற வரை காத்திருங்கள். ஆள் ஒருவர் இருந்தால்தான் ஆழம் புரியும். மேலே ஏற எத்தனை மணி வரை விடுவார்கள் என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பிற்பகலில் வந்து கெஞ்சுகிறவர்களைக் காவலர்கள் தினமும் பார்க்கிறார்கள். ட்ரைபாடுக்குத் தொல்லியல் துறையிடம் முன்னமே அனுமதி வாங்க வேண்டும், அனுமதி இல்லாமல் ட்ரோனைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள். குரங்குக்குப் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரியும், லென்ஸ் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கோட்டைக்குள் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கிற கல்யாண மகாலை எல்லாரும் கீழே நின்று அண்ணாந்து எடுப்பார்கள், கோபுரம் பின்னால் சாய்ந்துவிடும். போனில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், சுவரில் ஃப்ரேமின் நேர்கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அது மட்டும்தான் கண்ணில் படும். முற்றத்தின் எதிர் மூலை வரை பின்னால் போய், கேமராவைச் சாய்க்காமல் எடுங்கள். பின்னால் போக இடமில்லாவிட்டால் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுத்துவந்து லைட்ரூம், ஸ்னாப்சீட் மாதிரி ஆப் ஒன்றில் நிமிர்த்துங்கள். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், அதற்குத்தான் அந்த இடம்.

கேமரா செட்டிங்கில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எஃப் 8, ஐஎஸ்ஓ 100 அல்லது 200, ஷட்டர் வேகம் 1/250 வினாடிக்குக் குறையாமல். உச்சியில் காற்று அடிக்கும், கை ஆடும். ரா ஃபைலில், அதாவது கேமரா தன் திருத்தம் எதுவும் செய்யாமல் அப்படியே சேமிக்கிற வடிவில், எடுங்கள். வெளிச்சம்பட்ட மதில் வெளுத்துப் போகாத அளவுக்குக் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள், நிழலை ரா ஃபைலில் பிறகு தூக்கலாம், வெளுத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

போனில்தான் எடுப்பேன் என்றால் ப்ரோ மோடில் ரா எடுங்கள், அதில் சமரசம் வேண்டாம். சாதாரண மோடில் போன் தானாகவே கூர்மையாக்கி, புள்ளிகளைத் துடைத்து, தன் இஷ்டத்துக்கு அலங்காரம் செய்துவிடும். அந்தப் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி மதிலைப் பாருங்கள்: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்க வேண்டிய சந்து காணாமல் போய், ஈரத் தாளில் வாட்டர்கலர் பரவின மாதிரி ஒரு குழைவு இருக்கும். நமக்கு வேண்டிய தையலை அங்கேயே போன் அழித்துவிட்டது, இனி எந்த ஸ்டுடியோவும் அதைக் கொண்டுவர முடியாது.

வானத்துச் சிக்கல் பழைய சிக்கல். 1850களில் சென்னை மாகாண அரசுக்காகத் திருச்சி, மதுரை, ராயக்கோட்டை என்று சுற்றிப் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கும் இருந்தது. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவுக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாகப் பிடிக்கும், அதனால் வானம் மொட்டையாக வெளுத்துவிடும். மனுஷர் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் வரைந்து வைத்தார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை, மேகம் இருக்கிற நாளில் போனால் போதும். வானத்தின் நீலத்தை ஆழமாக்குகிற போலரைசர் ஃபில்டர் உதவும், ஆனால் அகல லென்ஸில் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளிர் என்று திட்டாகிவிடும். ஆப்பில் வேறு ஊர் வானத்தை எடுத்து ஒட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், மதிலில் விழுகிற வெளிச்சமும் வானமும் ஒத்துப்போகாதது நாள்பட நாள்பட உறுத்தும்.

அளவுக் கணக்கு

மூன்று எண்கள் தெரிந்தால் போதும். கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, சுவரில் மாட்டுகிற படத்துக்கு 200 இருந்தாலே நன்றாக இருக்கும். செஞ்சி மாதிரி கல்லடுக்கு தெரிய வேண்டிய படத்துக்கு 240க்குக் கீழே போகாதீர்கள், பார்க்க வருகிறவர்கள் எப்படியும் மூக்கு கண்ணாடியில் இடிக்கிற தூரத்துக்குப் போகத்தான் போகிறார்கள்.

24 மெகாபிக்சல் கேமரா படம் 6000க்கு 4000 புள்ளி. 240ஆல் வகுத்தால் 25 அங்குலம், ஆக 16க்கு 24 தாராளமாகப் போடலாம். 12 மெகாபிக்சல் போன் படம் 4000க்கு 3000, அதற்கு 12க்கு 16தான் நியாயமான எல்லை. 50, 108, 200 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மேலே சொன்னபடி பெரிதாக்கிப் பார்த்துக் கல் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து வடிவம். கேமராப் படம் 3க்கு 2, போன் படம் 4க்கு 3. ஸ்டுடியோவில் வழக்கமாக ஓடுகிற 12க்கு 18, 16க்கு 24, 20க்கு 30 எல்லாமே கேமரா வடிவம். போன் படத்தைக் கொடுத்து "12க்கு 18 போடுங்க" என்றால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். எங்கே வெட்டுவது என்று மெஷின் யோசிக்காது, ராஜகிரி உச்சியிலிருக்கிற ரங்கநாதர் கோயில் தலை இல்லாமல் வரும். நீங்களே வெட்டி, சரியான வடிவத்தில் கொண்டுபோங்கள்.

மூன்று குன்றும் ஒன்றாக வேண்டும் என்று மனம் கேட்கவில்லையா, பனோரமாதான் வழி. போனின் பனோரமா மோடு வேண்டாம். கேமராவை நெட்டுவாக்கில் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின்மேல் மூன்றில் ஒரு பங்காவது ஏறும்படி வரிசையாக எடுத்து, கணினியில் சேருங்கள். ஃபோகஸ், வெளிச்சம் இரண்டையும் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். 12க்கு 36 அங்குலத்தில், நீண்ட சோபாவுக்கு மேலே, கண்கொள்ளாக் காட்சிதான்.

திருத்துவது

திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு உட்காருங்கள். முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் பிரிண்ட் கண்டிப்பாக இருட்டாக வரும். ஒரு வெள்ளை ஏ4 தாளைத் திரைக்குப் பக்கத்தில், அறையின் சாதாரண விளக்கில் பிடித்துப் பாருங்கள், திரையில் திறந்த வெள்ளைப் பக்கமும் அந்தத் தாளும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரிகிற அளவுக்குத் திரையைக் குறையுங்கள். கருவி வாங்கி அளவிடுகிறவர்கள் அளவிடட்டும், மற்றவர்களுக்கு இதுவே முக்கால்வாசி வேலையை முடித்துக்கொடுக்கும்.

அப்புறம் நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள், கல்யாண மகாலின் வளைவுகளுக்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிகிற அளவுக்கு. முழுக்கத் தூக்கினால் பாறை சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். நிறச் செறிவைத் தொடவே தொடாதீர்கள், செஞ்சிப் பாறைக்கு ஒரு மங்கின காவிப் பழுப்பு உண்டு, ஆரஞ்சாக ஆக்கினால் அது ராஜஸ்தான். கூர்மையைத் திரையில் லேசாக அதிகம் என்று தோன்றுகிற அளவுக்கு வையுங்கள், தாள் கொஞ்சம் விழுங்கிவிடும்.

கறுப்பு வெள்ளை என் கட்சி. பழசாகக் காட்டுவதற்காக இல்லை, பாறையையும் மதிலையும் பிரித்துக் காட்ட அதில்தான் வசதி. ஆப்பில் இருக்கிற ஆரஞ்சு, மஞ்சள் சறுக்கிகளை (ஸ்லைடர்) ஏற்றினால் வெயில்பட்ட கல் வெளிச்சமாகும், நீலத்தை இறக்கினால் வானம் கறுக்கும், பச்சையை இறக்கினால் இடுக்கில் முளைத்த செடிகள் கறுத்து மதிலின் விளிம்பைக் கோடு போட்டுக் காட்டும். நீலத்தை ரொம்ப இறக்கினால் மலையின் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம் வரும், அது வந்ததும் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் வாருங்கள்.

சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற அமைப்பு, குறைக்காத தரத்தில் ஜேபெக், அல்லது கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்றால் டிஃப். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், நசுக்கிவிடும். பென்டிரைவில் கொண்டுபோங்கள், இல்லை கூகுள் டிரைவ் லிங்க் அனுப்புங்கள்.

ஸ்டுடியோவில்

எந்தக் கடையிலும் முதலில் சொல்ல வேண்டியது: "கரெக்‌ஷன் எதுவும் போட வேண்டாம்." கல்யாண ஆல்பம் போடுகிற லேபில் மெஷின் எல்லாப் படத்தையும் முகம் வெளிச்சமாக வருவதற்காகவே தானாகத் திருத்தும். உங்கள் படத்தில் முகமே இல்லை, மெஷின் குழம்பிப் போய் வானத்தையும் பாறையையும் ஒன்றாக்கிவிடும்.

இரண்டு வகைப் பிரிண்ட் உண்டு. ஒன்று, ஒளி பாய்ச்சி ரசாயனத்தில் கழுவி வருகிற லேப் பிரிண்ட். மலிவு, ஒரே நாளில் கிடைக்கும், வண்ணப் படத்துக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் கறுப்பு வெள்ளையில் லேசாகப் பச்சையோ ஊதாவோ ஓடும். இன்னொன்று, பிக்மென்ட் மையில் போடுகிற இங்க்ஜெட் பிரிண்ட். விலை பல மடங்கு, பெரிய ஊர்களில்தான் கிடைக்கும், கூரியரிலும் வாங்கலாம். கறுப்பு வெள்ளைக்கு இதுதான், நிறம் மங்காமல் நிற்பதிலும் லேப் பிரிண்டை விட மேல்.

தாளில் பளபளக்கிற கிளாஸி வேண்டாம். நம் வீட்டு ஹாலில் டியூப்லைட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், கிளாஸி தாளில் கோட்டைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக அதுதான் தெரியும். லேப் பிரிண்ட் என்றால் லஸ்டர், மேற்பரப்பில் நுண்ணிய சொரசொரப்பு இருக்கும், கறுப்பும் ஆழமாக வரும். இங்க்ஜெட் என்றால் 300 கிராமுக்கு மேலான பருத்தித் தாள். கல்லின் சொரசொரப்பும் தாளின் சொரசொரப்பும் சேர்ந்துகொள்ளும், கறுப்பு மட்டும் லஸ்டர் அளவுக்கு இறங்காது, அதனால் நிழலை இன்னும் ஒரு துளி தூக்கிக் கொடுங்கள். கேன்வாஸில் போடலாமே என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். துணியின் நெசவும் கல்லடுக்கும் ஒன்றோடொன்று கலந்து இரண்டுமே தெரியாது. லாமினேஷனும் வேண்டாம், ஒருமுறை ஒட்டினால் பிரிக்க முடியாது, ஈரக் காலத்தில் ஓரத்தில் காற்றுக் குமிழ் கிளம்பும்.

சோதனைப் பிரிண்ட் போடாமல் பெரிய பிரிண்ட் போடாதீர்கள். முழுப் படத்தையும் சின்னதாகப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. 16க்கு 24 அளவில் வைத்த படத்திலிருந்து 4க்கு 6 அங்குலத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். வளைவின் அடர்த்தியான நிழலும் வெயில்பட்ட மதிலும் இரண்டும் அந்தத் துண்டில் இருக்க வேண்டும். அதையே மூன்று விதமாக வையுங்கள்: இருக்கிறபடி ஒன்று, கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று, இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று. பின்பக்கம் எது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் வீட்டுக்கு எடுத்து வந்து, படம் மாட்டப்போகிற அதே சுவரில் ஒட்டிவிட்டுப் பகலில் ஒருமுறை, ராத்திரி விளக்கில் ஒருமுறை பாருங்கள். கடையில் இருக்கிற பளீர் வெளிச்சத்தில் சரியாக இருந்தது உங்கள் ஹாலில் இருட்டாக இருக்கும், பெரும்பாலும் நடுவில் உள்ளதோ மூன்றாவதோதான் ஜெயிக்கும். மூன்று சின்னப் பிரிண்டுக்கு ஆகிற காசு ஒரு டீ, வடைக் காசு.

பெரிய பிரிண்ட் போடும்போது சுற்றிலும் அரை அங்குலமாவது வெள்ளை ஓரம் விடச் சொல்லுங்கள். கையில் பிடிக்க, ஃப்ரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டைக்குள் மறைக்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

ஃப்ரேம் கடையில்

நம் ஊர் ஃப்ரேம் கடைகள் சாமி படத்துக்குப் பழகினவை. கண்ணாடி, அதன்மேல் நேராகப் படம், அதன்மேல் அட்டை, ஆணி, முடிந்தது. காலண்டர் முருகருக்கு இது போதும். போட்டோத் தாளுக்கு ஆகாது, ஈரக்காற்றில் படத்தின் மேற்பரப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படத்தோடு வரும். கடைக்காரர், "கண்ணாடியோட ஒட்டுன மாதிரி இருந்தாதான் சார் தெளிவா தெரியும்" என்பார். "இல்லண்ணே, நடுவுல மவுண்ட் போர்டு வெச்சு ஜன்னல் மாதிரி வெட்டிக் குடுங்க" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். 16க்கு 24 படத்துக்குச் சுற்றிலும் மூன்று அங்குல மவுண்ட், கீழே மட்டும் கொஞ்சம் கூடுதலாக. வெள்ளையிலும் பளிச்சென்ற வெள்ளை வேண்டாம், படத்திலுள்ள வானமெல்லாம் அழுக்காகத் தெரியும். அமிலமில்லாத போர்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள், சாதாரணப் போர்டு சில வருஷத்தில் மஞ்சளாகி அந்த மஞ்சளைப் படத்துக்கும் ஏற்றும்.

படத்தை மவுண்டில் ஒட்டும்போது ஃபெவிகாலும் வேண்டாம், செலோடேப்பும் வேண்டாம். மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் காகித டேப்பால் தொங்கவிடச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் தாள் விரிவதற்கு இடம் இருக்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் நடுவில் அலை எழும்பும்.

சட்டம் மெல்லியதாக, கறுப்போ தேக்கு நிறமோ. பூவேலை செய்த தங்கச் சட்டத்தைப் போட்டால் வருகிறவர்கள் எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள்.

பின்பக்கத்தில் எழுத மறக்காதீர்கள்: எந்தக் குன்று, எங்கிருந்து, எந்த மாதம் எந்த வருஷம், என்ன தாள். லேப் பிரிண்டின் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, பேனா மை காயாமல் அடுத்த படத்தில் அப்பிக்கொள்ளும், அதனால் மவுண்டின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள்.

மாட்டுவது

மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் கூடாது, சாயங்கால வெயில் தினமும் படும். குளியலறைக்குப் பொதுவான சுவர் கூடாது, மழைக்கு ஓதம் காக்கிற வெளிச்சுவரும் கூடாது. படத்தின் நடுப்பகுதி, தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடிக்குள் இருக்கட்டும், நம் வீடுகளில் சாமி படத்துக்குப் பழகிய கையால் எல்லாவற்றையும் லாஃப்ட் உயரத்தில் மாட்டிவிடுகிறோம், அங்கே மாட்டினால் தையலும் தெரியாது ஒன்றும் தெரியாது. உட்கார்ந்தே பார்க்கிற இடம் என்றால் இன்னும் தாழ்த்தலாம்.

சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் ரப்பர்க் குமிழ் ஒட்டுங்கள், படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். ஓடாவிட்டால் சென்னை, கடலூர், புதுச்சேரிப் பக்கமெல்லாம் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பின்பக்க விளிம்பைப் பழுப்புக் காகித டேப்பால் முழுக்க அடைத்துவிடுங்கள், ராமபாணப் பூச்சிக்குப் போட்டோத் தாளின் பூச்சு என்றால் அவ்வளவு பிரியம். சுவரில் எங்காவது கறையான் மண்கோடு தெரிந்தால் முதலில் அதைக் கவனியுங்கள், அது மரச்சட்டத்தின் பின்னால்தான் முதலில் ஏறும். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் படத்தை இறக்கி, பின்பக்கத்து டேப் விட்டிருக்கிறதா, மூலையில் வெள்ளையாக எதாவது பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் துடைக்காமல் சட்டத்தைப் பிரித்து, படத்தை நிழலில் ஒருநாள் ஆறவிட்டு, மவுண்டை மட்டும் புதுசாகப் போட்டுக்கொள்ளுங்கள்.